தொப்பி போட்ட வினைச்சொல்

ஒவ்வொரு பாஷையிலும் சில சொல் வடிவங்கள் உண்டு. அவற்றை வாயால் யாரும் வழங்குவதில்லை. ஆனாலும் அவை இறந்து போயின என்று யாரும் சாவோலை எழுதி அனுப்புவதும் இல்லை. பரண்மேல் ஏற்றி வைத்த பித்தளை அண்டாவைப் போல அவை கிடக்கும். கல்யாணம் வந்தாலும் கீழே இறங்குவது சந்தேகந்தான். ஆனால் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட மனம் வருமோ என்றால், வராது.

பிரெஞ்சு பாஷையின் பரணில் அத்தகைய அண்டா ஒன்று இருக்கிறது. அதைத் தமிழில் 'இறந்தகால விழைவு' என்று சொல்லி வைத்துக்கொள்வோம். ஒருவன் வருகிறான் என்பது செய்தி. அவன் வரவேண்டும் என்பது ஆசை. செய்திக்கு ஒரு வினை வடிவம், ஆசைக்கும் அச்சத்துக்கும் ஐயத்துக்கும் கட்டாயத்துக்கும் வேறொரு வினை வடிவம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள் பிரெஞ்சுக்காரர்கள். 'வியேன்' என்றால் வருகிறான். 'வியென்' என்றால் அவன் வரவேண்டும் என்னும் விழைவு. இதுவரையில் பாதகமில்லை, இன்றைக்கும் பாரிஸ் நகரத்துக் குழந்தைகள் இதைச் சரளமாகப் பேசுகின்றன. ஆனால் பழைய இலக்கணம் இதனோடு நின்றதா? ஆசைப்பட்டது நேற்று என்றால், ஆசைப்பட்ட காரியத்தையும் நேற்றைக்கே தள்ளிவிட வேண்டும் என்று மற்றொரு சட்டம் போட்டது. 'அவன் வரவேண்டும் என்று விரும்பினேன்' என்று சொல்லும்போது 'வியென்' உதவாது; 'வேன்' என்றுதான் எழுதவேண்டும். இந்த 'வேன்'தான் நாம் சொல்லும் அண்டா.

நாம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்பிக்கும் உபாத்தியாயர். நம்மிடம் வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மோலியேரைப் படிக்க வரவில்லை. தமிழைவிடப் பிரெஞ்சில் மார்க்கு சுலபமாகக் கிடைக்கும் என்று பெற்றோர் சொல்ல, வந்தவர்கள். இதைப்பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே சொல்லப் புகுந்தால் கட்டுரை வேறு தெருவுக்குப் போய்விடும். பரீட்சையில் இறந்தகால விழைவு கேட்கப்படுவதில்லை. ஆகவே பாடப் புத்தகத்திலும் அது இல்லை. ஆயினும் வருஷத்துக்கு ஒரு நாள், பாடங்களெல்லாம் முடிந்த பிறகு, கரும்பலகையில் அதை எழுதிக் காட்டும் வழக்கத்தை நாம் விடவில்லை.

அமைக்கும் முறை வெகு எளிது. உண்மையில், பிரெஞ்சு வினைகளின் காட்டிலே இத்தனை ஒழுங்கான பாதை வேறொன்று இல்லை என்றே சொல்லலாம். கதைகளிலும் சரித்திரங்களிலும் மட்டும் வழங்கும் எளிய இறந்தகாலம் ஒன்று உண்டு. 'பேசு' என்னும் வினைக்கு அதன் வடிவம் 'பர்லா'. அதில் முன்னிலை ஒருமையை எடுத்துக்கொண்டு, விகுதியைச் சேர்க்கவேண்டியதுதான். தன்மையில் பர்லாஸ், முன்னிலையில் பர்லாஸ், படர்க்கையில் பர்லா. பன்மைக்கு வந்தால் பர்லாஸியோன், பர்லாஸியே, மறுபடியும் பர்லாஸ். எழுத்தில் ஆறும் ஆறு விதம்; காதுக்கு நான்குதான். 'ஆ' வரிசை வினைகளுக்கு 'ஆஸ்' என்றால், 'இ' வரிசைக்கு 'இஸ்', 'யூ' வரிசைக்கு 'யூஸ்'. 'வா', 'பிடி' என்னும் இரண்டு வினைகளின் குடும்பத்துக்கு மட்டும் மூக்கொலி சேர்ந்து 'வேன்ஸ்', 'தேன்ஸ்' என்று வரும். அடிச்சொல் தெரிந்துவிட்டால் விதிவிலக்கே கிடையாது. நிகழ்கால விழைவை மனப்பாடம் செய்யும் மாணவன் சிந்தும் கண்ணீரில் கால்பங்குகூட இதற்குத் தேவையில்லை. இத்தனை ஒழுங்கான ஒன்று ஏன் பரணுக்குப் போயிற்று?

பிள்ளைகளை ஆறு வடிவங்களையும் உரக்கச் சொல்லச் செய்தால் விடை தானே வந்துவிடும். வகுப்பு சிரிக்கும். பிரெஞ்சுக்காரனும் இப்படியே சிரித்தான். 'ஆஸ்' என்னும் ஒலி அந்தப் பாஷையிலே வேறொரு வேலையும் செய்கிறது; ஒரு பெயரோடு ஒட்டிக்கொண்டு இளக்காரம் காட்டுவது அதன் தொழில். காகிதம் 'பப்பியே', குப்பைக் காகிதக் கட்டு 'பப்ராஸ்'. சப்பென்ற பண்டம் 'ஃபாத்'. சப்புச் சவரென்று வாயில் வைக்க ஆகாதது 'ஃபதாஸ்'. இப்படிப்பட்ட விகுதியைக் கொண்டுபோய் 'நான் உன்னைக் காதலிக்கவேண்டும் என்று' என்னும் இடத்தில் ஒட்டினால் என்னவாகும்? போதாக்குறைக்கு, 'நான் அறியவேண்டும் என்று' என்பதற்குரிய வடிவம் 'சப்பு' என்னும் சொல்லின் ஒலியோடு ஒன்றாகிவிட்டது. 'நான் காணவேண்டும் என்று' என்றால் திருகாணியும், 'எனக்கு இயலவேண்டும் என்று' என்றால் தெள்ளுப்பூச்சியும் காதில் விழுகின்றன. 'கொலை செய்' என்னும் வினையைத் தன்மைப் பன்மையில் சொல்லிப் பார்க்கட்டும்: அஸஸ்ஸினாஸியோன்! கொலை செய்யவேண்டியவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கொலையுண்ண வேண்டியவன் தப்பி ஓடிவிடுவான். அல்போன்ஸ் அலே என்னும் ஹாஸ்ய எழுத்தாளர் (1854–1905) பெயரில் வழங்கும் ஒரு காதல் புலம்பற் பாட்டு முழுதும் இந்த வடிவங்களை அடுக்கியே செய்யப்பட்டது. பிரெஞ்சுப் பள்ளிகளில் அந்தப் பாட்டை அறியாதவர் சிலரே.

எனினும் ஒலியின்மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. இந்த வடிவத்தின் குலம் பெரியது. லத்தீனில் 'அமாவிஸ்ஸெம்' என்றிருந்தது 'அமாஸ்ஸெம்' என்று குறுகி, பிரெஞ்சில் 'எமாஸ்' ஆயிற்று. அதே பாட்டியின் வேறு பேத்திகள் இன்றும் தெருவில் நடமாடுகிறார்கள். இத்தாலியிலே காய்கறி விற்பவள் 'பர்லாஸ்ஸி' என்கிறாள், யாரும் சிரிப்பதில்லை. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் அப்படியே. பிரான்ஸில் மட்டும், இந்த வடிவத்துக்கு அடிச்சொல் கொடுத்துவந்த எளிய இறந்தகாலம் பேச்சிலிருந்து மெல்ல மெல்ல நழுவிவிட்டது. அடிமரம் சாய்ந்தபின் கிளை எவ்வளவு நாள் பச்சையாக இருக்கும்?

அரசாங்கமும் ஒரு கை கொடுத்தது. 1901 பிப்ரவரி 26-ந் தேதி, கல்வி மந்திரி ழார்ழ் லேக் ஓர் உத்தரவு பிறப்பித்தார். சில வகை வாக்கியங்களில் இறந்தகால விழைவுக்குப் பதில் நிகழ்கால விழைவை எழுதும் மாணவனைப் பரீட்சையில் தண்டிக்கலாகாது என்பது அதிலுள்ள சலுகைகளில் ஒன்று. 1976 டிசம்பர் 28-ல் வேறொரு மந்திரி, ரெனே அபி, அச் சலுகையை இன்னும் விரித்தார். 'விரும்பினேன்' என்று இறந்தகாலத்தில் தொடங்கும் வாக்கியத்துக்கும் அது பொருந்தும் என்று ஆயிற்று. சட்டம் நீக்கப்படவில்லை; மீறினால் அபராதமில்லை என்று சொல்லப்பட்டது, அவ்வளவே. நம் ஊர்களில் பல சட்டங்கள் இவ்வாறுதான் ஆயுளை முடித்துக்கொள்கின்றன.

ஆறு பேரில் பிழைத்தவன் ஒருவன் மட்டுமே. அவன் படர்க்கை ஒருமை. அவனிடம் 'ஆஸ்' இல்லை. ஒலியில் அவன் எளிய இறந்தகாலத்தோடு ஒன்றிப்போகிறான். ஆகவே சிரிப்புக்கு இடமில்லை. 'பேசினான்' என்பதும் 'பேசவேண்டும் என்று' என்பதும் இரண்டுமே காதுக்குப் 'பர்லா'. வித்தியாசம் எழுத்தில் இருக்கிறது. விழைவாக இருந்தால் உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னத் தொப்பி போட்டிருக்கும். பழைய காலத்தில் அங்கே 'ஸ்' என்று ஓர் எழுத்து இருந்தது. அது உச்சரிப்பிலிருந்து மறைந்தபின், இங்கே ஒருவன் இருந்தான் என்று காட்ட அந்தத் தொப்பியை வைத்தார்கள். நடந்த காரியத்துக்கும் நடக்கவேண்டும் என்று மனிதன் ஏங்கிய காரியத்துக்கும் இடையிலே, காகிதத்தில் ஒரு மயிரிழைக் கோடு! இதைவிடச் சிக்கனமாக ஓர் இலக்கணம் எதைச் சொல்லமுடியும் என்று நமக்குத் தெரியவில்லை. 1990-ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தவர்கள் எத்தனையோ சொற்களின் தொப்பியைக் கழற்றினார்கள். இந்த வினையின் தொப்பியில் மட்டும் கை வைக்கவில்லை.

இப்போது இதை யார் வழங்குகிறார்கள்? புத்தகம் எழுதுகிறவர்களில் சிலர். தம் படிப்பைப் பிறர் அறியவேண்டும் என்ற ஆவல் உள்ளவர்களில் பலர். குடியேறியவர்களுக்கு எதிராக முழங்கியே பெயர் பெற்று 2025 ஜனவரியில் காலமான ழான் மரி லெ பென் மேடைப்பேச்சில் இதை அள்ளி விடுவார் என்பது பிரசித்தம். ஆல்பேர் காமு 1942-ல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலின் கதையைப் பேச்சு வழக்கின் இறந்தகாலத்திலேயே சொல்லிப் புரட்சி செய்தார். அதே காமு 1956-ல் 'வீழ்ச்சி' என்னும் நாவலில் பழைய வக்கீல் ஒருவனைப் படைத்து, ஆம்ஸ்டர்டாம் மதுக்கடையில் உட்காரவைத்து, அவன் வாயில் இறந்தகால விழைவை வைத்தார். கேட்பவன் அந்த வடிவத்தைக் கேட்டுச் சற்றுத் துணுக்குறுகிறான். அதைக் கவனித்த வக்கீல், இவனும் படித்தவனே என்று ஊகித்துவிடுகிறான். அடையாளம் கண்டதும் படிப்பு, எரிச்சல் பட்டதும் படிப்பு! வினைச்சொல் ஒன்று, மனிதர்களைத் தரம் பிரிக்கும் உரைகல்லாக மாறியிருப்பதை இதைவிடக் கூர்மையாக யாரும் காட்டவில்லை.

அந்த உரைகல்லில் தம்மை உரைத்துக் காட்டவேண்டிய நிலைமை, பிறப்பால் பிரெஞ்சுக்காரராய் இருந்தவர்களைவிட, பிரான்ஸினால் ஆளப்பட்டவர்களுக்கே அதிகம் இருந்தது. செனகல் தேசத்தின் லெயோபோல்ட் ஸேதார் ஸெங்கோர் 1935-ல் பிரெஞ்சு இலக்கணத்தின் மிக உயர்ந்த பரீட்சையில் தேறினார். அதில் தேறிய முதல் ஆப்பிரிக்கர் அவரே. அதே வருஷம் டூர் நகரத்துப் பள்ளியொன்றில் உபாத்தியாயராகி, ஆளுவோரின் பிள்ளைகளுக்கு ஆளுவோரின் பாஷையைக் கற்பித்தார். பிறகு 1960 முதல் 1980 வரை தம் சுதந்திர நாட்டின் ராஷ்டிரபதியாக இருந்தார். 1983-ல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவருடைய வெற்றியை நினைக்கும்போது நமக்குப் பெருமிதமும் உண்டாகிறது. ஒரு மனிதன் தன்னை மனிதன் என்று ஒப்புக்கொள்ளச் செய்வதற்கு எத்தனை விகுதிகளை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது என்ற கசப்பும் உண்டாகிறது.

ஸெங்கோர் பெரிய மனிதர். பெயர் தெரியாத சின்ன மனிதர்கள் எத்தனையோ பேர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, சைகோன் முதலிய இடங்களுக்கு உத்தியோகமாகக் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவருடைய கையெழுத்து நம்மிடம் வந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொண்டுவந்தான். 1951-ல் சைகோனிலிருந்து அவனுடைய கொள்ளுத்தாத்தா, புதுச்சேரியிலிருந்த தம் தமையனாருக்கு எழுதிய கடிதம் அது. பெரியப்பா வீட்டுப் பெட்டியில் இத்தனை காலம் இருந்து, இப்போதுதான் பையனின் தாத்தா கைக்கு வந்திருக்கிறது. தாத்தாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. பேரன் பிரெஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்குகிறவன்; அவனைப் படிக்கச் சொன்னார். அவனும் முக்கால் கடிதத்தைப் படித்துவிட்டான். ஒரு வரியில் முட்டிக்கொண்டான்.

"ஸார், தமிழ், பீப்பாய், அவனுடைய முதல் பாஷை என்று வருகிறது" என்றான்.

பையன்மேல் குற்றமில்லை. 'இரு' என்னும் வினையின் இறந்தகால விழைவு, படர்க்கை ஒருமையில், 'ஃப்யூ'. அகராதியில் வினையின் திரிந்த வடிவங்கள் இரா. அங்கே தேடியவனுக்கு, அதே எழுத்துக்களும் அதே தொப்பியும் உடைய 'ஃப்யூ' என்னும் பெயர்ச்சொல் அகப்பட்டது. அதன் பொருள் சாராயம் ஊற்றி வைக்கும் பீப்பாய். (1990 சீர்திருத்தத்தின்படி பீப்பாய்க்குத் தொப்பி வேண்டியதில்லை, வினைக்கு உண்டு. 1951-ல் இருவருக்கும் தொப்பி இருந்தது.) கடிதத்தில் இருந்த வாக்கியம் இதுதான்: தம் மகனுக்குத் தமிழே முதற் பாஷையாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன் என்று தமையனாருக்குத் தம்பி எழுதுகிறார்.

தமிழர் இருவர், தமிழ்நாட்டுக் கரையில் பிறந்த உடன்பிறப்புகள், தமிழைப்பற்றிய ஆசையைப் பிரெஞ்சில் எழுதிக்கொள்கிறார்கள்! வீட்டில் தமிழ் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதக் கற்பிக்கப்படவில்லை. கடிதம் முழுவதிலும் தம்பி அண்ணனை, 'நீ' என்பதற்குரிய 'த்யூ' போடாமல், 'நீங்கள்' என்பதற்குரிய 'வூ' போட்டே எழுதியிருக்கிறார். பிரெஞ்சுச் சகோதரர்கள் அவ்வாறு எழுதுவது அபூர்வம். இலக்கணம் அவர்களுடையது, மரியாதை நம்முடையது. தொப்பி மட்டும் ஓர் இடத்திலும் தவறவில்லை. ஐந்து இடங்களில் இறந்தகால விழைவு வருகிறது, ஐந்தும் சரி. பாரிஸில் மந்திரி சலுகை அளித்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. சைகோன் சுங்க இலாகாவின் குமாஸ்தா அந்தச் சலுகையைத் தமக்கு வேண்டாமென்று வைத்துவிட்டார் போலும்.

கடிதத்தைப் படித்துக் காட்டுவதற்காகப் பையனின் வீட்டுக்குப் போனோம். தாத்தா எழுபத்தாறு வயதுக்காரர். கடிதம் எழுதிய மறு வருஷமே சைகோனில் தகப்பனார் காலமானார். தாயார் மூன்று வயதுக் குழந்தையோடு கடலூரில் தம் தமையன் வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே, சென்னை ராஜதானியாக இருந்து மாநிலமான சீமையில், பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரி நம் நாட்டோடு சேர்ந்தபோது அவருக்கு ஐந்து வயது. ஆகக்கூடித் தகப்பனார் எண்ணியபடியே தமிழ்தான் அவருக்கு முதற் பாஷை. அதனாலேயே, அந்த எண்ணத்தை எழுதிய காகிதம் எதிரில் இருந்தும் அவரால் அதைப் படிக்க முடியவில்லை.

நாம் அந்த வரியைத் தமிழில் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "விரும்பினேன் என்கிறாரா, விரும்புகிறேன் என்கிறாரா, ஸார்? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

தபால் இலாகாக்காரரின் கேள்வி. மேல்விலாசம் தெளிவாக இருக்கவேண்டும். ஆனால் பதில் சொல்வது எளிதாக இருக்கவில்லை. நம் பாஷையில் 'இருக்கவேண்டும் என்று விரும்பினேன்' என்றால், 'விரும்பினேன்' மட்டும் நேற்றைக்குப் போகிறது. 'இருக்கவேண்டும்' என்பது காலத்தைக் கடந்து அங்கேயே நிற்கிறது. சொன்னவன் மனத்தில் ஓடிய வாக்கியத்தை அப்படியே எடுத்து 'என்று' போட்டுக் கட்டி வைப்பது தமிழின் வழக்கம். ஆசை பழசானாலும் ஆசைப்பட்ட வார்த்தை பழசாவதில்லை. பிரெஞ்சு அப்படியன்று; ஆசையோடு ஆசைப்பட்ட காரியத்தையும் சேர்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அப்படியானால் தகப்பனார் 1951-ல் அந்த ஆசையை விட்டுவிட்டாரா? அதுவும் நிச்சயமில்லை. 'விரும்புகிறேன்' என்று பெரியவர் முன்னால் பட்டென்று சொல்லத் தயங்கும் பிரெஞ்சுக்காரன், மரியாதைக்காக 'விரும்பினேன்' என்று சொல்லுவதும் உண்டு. அண்ணனுக்கு 'வூ' போட்டு எழுதுகிற தம்பி அவ்வாறு எழுதியிருக்கக் கூடாதா?

தமிழுக்கென்று ஒரு விழைவு வினை இல்லாமலும் இல்லை. வாழ்க, வருக, ஒழிக என்று நம் இலக்கணம் சொல்லும் வியங்கோள் அதுதான். அதுவும் பேச்சிலிருந்து பரணேறி, இப்போது சுவரில் எழுதவும் கூட்டத்தில் முழங்கவும் மட்டும் இறங்கி வருகிறது. பிரெஞ்சிலே 'வீவ் லா ஃபிரான்ஸ்' என்று முழங்கும்போது அந்த 'வீவ்' விழைவு வினைதான் என்பது முழங்குகிறவர்களில் பலருக்கு நினைவிருப்பதில்லை. 'தமிழே அவன் முதற் பாஷை ஆகுக' என்று மொழிபெயர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தோம். அது கடிதத்தில் இல்லாத தாம்பாளத்தையும் கற்பூரத்தையும் கொண்டுவந்து வைப்பதாகும்; விட்டுவிட்டோம்.

இரண்டு பொருளையும் அவரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டு, மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, தம் கையாலேயே எழுதினார். நிறுத்தி நிறுத்தி, மணிமணியான எழுத்தில், 'அவனுக்குத் தமிழே முதற் பாஷையாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன்' என்று எழுதி, கீழே 1951 என்று வருஷத்தையும் போட்டார். பேரன் எட்டிப் பார்த்து, அந்தத் தொப்பியைத் தமிழில் எங்கே காட்டுவது என்று கேட்டான். காட்ட இடமில்லை என்றோம்.

அடுத்த வரி என்ன என்றார் பெரியவர். அடுத்த வரியில் விழைவு ஏதுமில்லை; வெறும் செய்திதான். குழந்தையின் செலவுக்காகப் போன வாரம் தபாலில் கொஞ்சம் பணம் அனுப்பியிருப்பதாகவும், வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதும்படியும் தமையனாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் மணியார்டர் பட்டுவாடாவைக் கவனித்த மனிதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ரசீது இருக்கிறதா, ஸார், அந்தப் பெட்டியிலே?" என்று கேட்டார்.